ஒக்போனோ குழம்பும் ஒரு டப்பா மாத்திரையும்

போன மாதம் என் தம்பிக்குச் சர்க்கரை முன்னூறைத் தாண்டிவிட்டது. விசாரித்தால், டாக்டர் கொடுத்த மாத்திரையை ஆறு வாரமாகத் தொடவில்லையாம். அதற்குப் பதில் "ஆப்பிரிக்க மாங்காய்" என்று எழுதிய ஒரு டப்பா. "அண்ணே, இது இயற்கைண்ணே. எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். வாட்ஸப்ல வந்தது" என்கிறான். முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்தவன் நான். கையெழுத்து இல்லாத காகிதத்தை நம்பியதில்லை. இவன் நம்பியிருக்கிறான்.

டப்பாவின் பின்புறம் பிரெஞ்சில் 'மாங்க் சொவாஜ்', காட்டு மாங்காய், என்று இருந்தது. அதைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அந்தக் கொட்டையை நான் சாப்பிட்டிருக்கிறேன்.

மகளைப் பார்க்கப் பாரிஸ் போயிருந்தபோது, மேல்மாடியில் ஒரு நைஜீரிய அம்மாள் குடியிருந்தார். இக்போ இனத்தவர். அவருக்கு பிரெஞ்சு தகராறு, என்னுடையது ஆபீஸ் ஆங்கிலம். எப்படியோ பேசிக்கொள்வோம். ஷாத்தோ ரூழ் ஆப்பிரிக்கக் கடைகளில் வாங்கி வந்த ஒக்போனோ விதையை அவர் காயவைத்து, தேவைக்கு மட்டும் பொடிப்பார். எண்ணெய்ப்பசை அதிகம், பொடித்து வைத்தால் காறிப்போகும். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, சூடான செம்பனை எண்ணெயில் பொடியைக் கட்டியில்லாமல் கரைப்பார். பிறகு இறைச்சி வெந்த நீர், கருவாடு போலக் காய்ந்த மீன், பொடித்த காய்ந்த இறால், காரமான மிளகாய், கடைசியில் கீரை. கொதிக்கும்போது மூடி போடக் கூடாது, போட்டால் இழுவை போய்விடும் என்பார். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுக்க வேண்டும். நம் வீட்டில் வெண்டைக்காயின் வழவழப்பை விரட்ட மோர் ஊற்றுகிறோம், புளி ஊற்றுகிறோம். அங்கே அந்த வழவழப்புக்காகவே சமையல். இடித்த சேனைக்கிழங்கு போன்ற யாம் உருண்டையோ, மரவள்ளி மாவில் கிண்டிய எபாவோ எடுத்து, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மென்றால் அவர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்.

ருசி? முதல் கவளம் பிடிக்கவில்லை. மூன்றாவது கவளத்துக்கு மேல் நிறுத்தவில்லை.

இப்போது டப்பாவுக்கு வருவோம். முதலில், இது மாங்காயே இல்லை. பழம் பார்க்க மாம்பழம் மாதிரி இருப்பதால் வந்த பெயர். இர்விஞ்சியா என்பது வேறு குடும்பம், நம் மாமரத்துக்கு உறவே கிடையாது. அதிலும் இரண்டு மரங்கள்: ஒன்றின் சதை இனிப்பு, பழமாகத் தின்பார்கள். மற்றது கசப்பு, குழம்புக்குப் பெரிதும் விரும்புவது அதன் விதையை. இரண்டாவது, அந்த விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. தேங்காயெண்ணெயில் உள்ள அதே லாரிக் அமிலம் அதிலும் நிறைய. இதைத் தின்று இளைக்கலாம் என்பது தேங்காய் தின்று இளைக்கலாம் என்பது போலத்தான்.

"விதை வேறு, சாறு வேறுண்ணே, ஆராய்ச்சி இருக்கு" என்றான் தம்பி. இருக்கிறது. 2009-ல் காமரூனில் 102 பேருக்குப் பத்து வாரம் சாற்றைக் கொடுத்து, பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இளைத்ததாக வெளியிட்டார்கள். எந்த மாத்திரையும் கொடுக்காத பலன்! 2013-ல் வேறு ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அகப்பட்டவை மூன்றே. மூன்றிலும் குறை. பரிந்துரைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். அந்த இரண்டாவது செய்தி வாட்ஸப்பில் வராது, அதை வைத்து விற்க ஒன்றுமில்லையே.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும. அந்த வழவழப்பு ஒருவகை நார்ச்சத்து, சாப்பாட்டின் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும். நைஜீரிய மருத்துவர்களே 1990-ல் சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கொட்டையைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் சிகிச்சையோடு துணையாகக் கொடுத்தார்கள், சிகிச்சையை நிறுத்திவிட்டு அல்ல. இந்த ஒரு வரியைத்தான் விற்பவன் முழுங்கிவிடுகிறான். நம் ஊரில் வெந்தயத்துக்கும் ஆவாரம்பூவுக்கும் இதே கதிதான்.

மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் கொட்டையை உடைத்து, காயவைத்து, சந்தையில் அளந்து விற்பது ஒரு பிழைப்பு, ஒரு சமையல். அதை டப்பாவில் அடைத்துப் பயந்தவர்களிடம் விற்பது வேறு. விற்ற கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "மருந்துன்னு நாங்க சொல்லலையே சார், உணவுன்னுதானே போட்டிருக்கு" என்றார். உணவென்றால் ஏனய்யா வேளைக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறாய் என்றேன். பதிலில்லை.

தம்பி பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட்டான், சர்க்கரையும் இறங்கி வருகிறது. அவனைச் சமாதானப்படுத்த, மகள் அனுப்பிய விதையில் மீதியிருந்ததைப் பொடித்து, செம்பனை எண்ணெய் கிடைக்காததால் கடலை எண்ணெயில், சென்னாக்குன்னி போட்டு என் மனைவி குழம்பு வைத்தாள். இழுவை வரவில்லை. மூடி போட்டுவிட்டாளாம்.