நான்காவது இடம்

தேச சஞ்சாரம் செய்து திரும்புவோர் மாளிகைகளை வர்ணிப்பதே வழக்கமாயினும், மனத்தில் நெடுநாள் தங்குவோர் பெயர் தெரியாத மனிதர்களே என்பது என் அபிப்பிராயம். காந்தியடிகளைப் பற்றிய படத்தை 1940இல் வெளியிட்ட ஏ. கே. செட்டியாரின் பிரயாணக் கட்டுரைகளிலும் ரசமானவை அத்தகைய சந்திப்புகளே.

மும்பையில், 2014இல் மெட்ரோவும் வந்து சேர்ந்ததால் ஜன சமுத்திரமாகிவிட்ட காட்கோபர் நிலையத்தில், மாதுங்கா செல்ல நண்பர்களோடு லோக்கல் ரயிலில் ஏறியபோது, மூவருக்கான பலகையில் அமர்ந்திருந்த குஜராத்திப் பெரியவர் ஒருவர், தம் சம்பாஷணையை நிறுத்தாமலே சற்று ஒதுங்கி, விரல் நுனியால் பலகையைத் தட்டி, எங்களுள் மூத்தவருக்கு நான்காவது இடம் அளித்தார். பாதி உடம்பு நடைவழியில் தொங்கும் அதைச் சௌகரியமென்று சொல்வதற்கில்லை. குர்லாவில் இறங்குமுன் தம் இடத்தையும் கைகாட்டிவிட்டே எழுந்தார்.

வழிகாட்டிப் புத்தகத்தை மடித்துவைத்துவிட்டு இந்த ரயிலில் ஏறுங்கள். ஆபீஸ் நேரத்தில் மட்டும் வேண்டாம், அது உள்ளூர்க்காரர்களுக்கே பிராண சங்கடம்.