கெட்டி மேளம் காத்திருக்காது!

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். வைகாசி மாதத்து முகூர்த்தம். பொழுது நன்றாக விடியுமுன்பே கூடம் நிறைந்துவிட்டது. ஹோமப் புகை ஒரு பக்கம். வீடியோக்காரரின் விளக்கு ஒரு பக்கம். புரோகிதர் கையை உயர்த்துகிறார். "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று நாலு திசையிலும் குரல் எழுகிறது. மாப்பிள்ளை குனிந்து திருமாங்கல்யத்தைக் கட்டுகிறார். போட்டோகிராபர் காமிராவின் பொத்தானை அமுக்குகிறார். மூலையில் ஸ்டாண்டின் மேல் வைத்த பிளாஷ் எரியவில்லை. மறுபடியும் அமுக்குகிறார். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை எரிகிறது. அதற்குள் முடிச்சும் விழுந்து, அட்சதையும் தூவியாகிவிட்டது!

மாலை வரவேற்பில் ஒரு படம் கெட்டால், "இன்னொரு தடவை சிரியுங்கள்" என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம். தாலி கட்டும் படத்துக்கு மறு முகூர்த்தம் கிடையாது. பெண்ணைப் பெற்றவர் ஆல்பத்தில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். போட்டோகிராபருக்கோ, அடுத்த தை மாதம் வரவேண்டிய நாலு கல்யாணம் வேறு ஆளிடம் போய்விடும். இத்தனைக்கும் காரணம், காமிராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் கையடக்கமான ஒரு கருவி. வயர்லெஸ் டிரிக்கர் என்பது அதன் பெயர். காமிராவையும் லென்ஸையும் ஆறு மாதம் யோசித்து வாங்குகிறவர்கள்கூட, இதை மட்டும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து அவசரமாக வாங்கிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் ஆரம்பமாகிறது.

விளக்கு ஏன் விலகி நிற்க வேண்டும்?

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை ராஜதானி சர்க்காரின் போட்டோகிராபராக இருந்தவர். அவர் எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் படங்கள் 1858-ல் தொகுதிகளாக வெளிவந்தன. அவருக்கு இருந்த ஒரே விளக்கு சூரியன். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் கோபுரத்துச் சிற்பங்கள் எழுந்து நிற்கின்றன என்பது போட்டோக் கலையின் பழைய பாடம்.

மனித முகமும் அப்படித்தான். காமிராவின் தலையிலேயே பிளாஷை வைத்து நேருக்கு நேர் அடித்தால் மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாகிவிடும். நெற்றி வியர்வை பளபளக்கும். வைர மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளியாகும். அதே விளக்கை ஏழெட்டு அடி பக்கவாட்டில் தள்ளி, சற்று உயரத்தில் வைத்தால் முகத்துக்கு வடிவம் வருகிறது; கூரைப் புடவையின் சரிகை இழை இழையாகத் தெரிகிறது. ஆகவே விளக்கு காமிராவை விட்டு விலக வேண்டியது அவசியம். விலகிய விளக்குக்கு "இப்போது எரி" என்று யார் சொல்வது?

முன்பு கம்பி சொல்லிற்று. ஓடி விளையாடும் குழந்தைகளின் காலில் அது சிக்கினால் விளக்கும் ஸ்டாண்டும் சேர்ந்து சாயும். பிறகு 'ஸ்லேவ்' வந்தது. ஒரு பிளாஷ் மின்னினால் அதைப் பார்த்துத் தானும் மின்னும் விளக்கு அது. ஆனால் தன் எஜமானர் யார் என்று அதற்குத் தெரியாது! பெண்ணின் மாமா பிளாஷ் அடித்தாலும் மின்னும்; பிள்ளையின் சித்தப்பா அடித்தாலும் மின்னும். உரியவர் பொத்தானை அமுக்கும் சமயத்தில் சக்தி தீர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே ரேடியோ அலையை நாட வேண்டியதாயிற்று. கம்பியில்லாமல் ஒரு காரியத்தைத் தூரத்திலிருந்து தூண்டிவிடுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பி, எட்டத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடி மருந்தையும் வெடிக்கச் செய்தார். இன்றைய டிரிக்கர் செய்வதும் அதே வேலைதான். வெடி மருந்துக்குப் பதில் விளக்கு, அவ்வளவே வித்தியாசம்.

நூறு மீட்டர் யாருக்கு வேண்டும்?

பெட்டியின் மேல் முதலில் கண்ணில் படுவது தூரக் கணக்கு. நூறு மீட்டர் எட்டும் என்கிறது ஒன்று. முந்நூறு மீட்டர் என்கிறது மற்றொன்று. காமிராவுக்கும் விளக்குக்கும் நடுவே மண்டபத்தில் இருப்பதோ முப்பது அடி. அப்படியிருந்தும் விளக்கு எரியாமல் போவானேன்?

விடை அலையின் நீளத்தில் இருக்கிறது. திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16-ல். நேயர்கள் பல காலம் கேட்டு வந்த அதன் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். மலைக்கோட்டையே குறுக்கே நின்றாலும் அது வளைந்து போய்விடும். இன்றைய டிரிக்கர்களில் பெரும்பாலானவை உபயோகிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ சுமார் ஐந்து அங்குலம்! அதை மறிக்க மலை வேண்டாம். நல்ல சரீரமுள்ள பெரியவர் ஒருவர் போதும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்கிறது. அட்சதை போட எல்லோரும் எழுந்து மணவறையைச் சூழும் அந்த நிமிஷத்தில்தான் மனிதச் சுவர் எழும்புகிறது. போதாக்குறைக்கு மண்டபத்து வைபையும், வந்தவர்களின் செல்பேசி புளூடூத்தும் அதே 2.4 வீதியில்தான் நடமாடுகின்றன.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மீட்டர்?" என்பதல்ல, "நெரிசலில் நூறு தடவை அமுக்கினால் எத்தனை தடவை எரிகிறது?" என்பதே. அதைக் கடையில் சோதிக்க முடியாது. முதல் நாள் ஜானவாசத்தின்போது, கூட்டம் நிறைந்திருக்கையில் சோதித்துப் பார்க்கலாம். ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேல் உயர்த்தி வைப்பது செலவில்லாத பரிகாரம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபரையும் பிள்ளை வீட்டார் ஒருவரையும் அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது. இருவரிடமும் ஒரே கம்பெனிக் கருவி, ஒரே சானல் எண் என்றால், ஒருவர் அமுக்க மற்றவர் விளக்கு எரியும்! கோடாக்ஸ் போன்ற கருவிகளில் 32 சானல்களும், அதற்கு மேல் அடையாள எண்ணும் வைத்திருப்பது இதற்காகத்தான். முகூர்த்தத்துக்கு முன்பே இருவரும் பேசி ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். சம்பந்திகளுக்குள் இல்லாவிட்டாலும் போட்டோகிராபர்களுக்குள் ஒற்றுமை அவசியம்!

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் டிரிக்கரிலும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பெயர் பெற்ற பாக்கெட்விசார்டு கருவிகள் அமெரிக்காவுக்கு 344 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், ஐரோப்பாவுக்கு 433 மெகாஹெர்ட்ஸிலும் தனித்தனியாகச் செய்யப்பட்டவை. ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழாது. மேலும் இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க 2005-லேயே சர்க்கார் அனுமதித்துவிட்டது. அமெரிக்காவின் 344-க்கு அந்தச் சலுகை இல்லை. இலவசமாக வந்தாலும் வேண்டாத வம்பு.

குடும்பம் பார்த்துச் சம்பந்தம்

டிரிக்கர் வாங்குவது பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மாதிரி. ஆளை மட்டும் பார்த்தால் போதாது. குடும்பத்தையும் பார்க்க வேண்டும். கேனன் கம்பெனி 2012-லும் நிக்கான் 2016-லும் ரேடியோவை உள்ளேயே வைத்த பிளாஷ்களை வெளியிட்டன. அவை நேர்த்தியானவை, ஆனால் தங்கள் வீட்டாருடன் மட்டுமே பேசும். கோடாக்ஸ் போன்ற பிறர் தயாரிப்பில், வேறு கம்பெனிக் காமிராவுக்கு மாறினாலும் விளக்குகளை வைத்துக்கொண்டு டிரிக்கரை மட்டும் மாற்றினால் போதும். ஒரு கம்பெனி விளக்கு, இன்னொரு கம்பெனி ரிசீவர், மூன்றாவது கம்பெனி டிரிக்கர் என்று ஒட்டுப் போட்டால் எந்த ஒட்டு எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? ரிசீவர் உள்ளேயே அமைந்த விளக்குகளில் ஒட்டு ஒன்று குறைகிறது.

இதில் ஊரையும் யோசிக்க வேண்டும். முகூர்த்த நாளன்று திருச்சியில் ஒரு போட்டோகிராபரின் டிரிக்கர் கெட்டால், விடியற்காலை நாலு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? சத்திரம் பக்கமோ உறையூர்ப் பக்கமோ இருக்கும் இன்னொரு போட்டோகிராபரிடம்தான் கைமாற்றாக வாங்கி வரவேண்டும். அவரிடமும் அதே வகை இருந்தால்தான் காவிரிப் பாலம் தாண்டி வருவதில் பிரயோஜனம். உள்ளூரில் நாலு பேர் கையில் இருப்பதையே வாங்குவது ஆடம்பரக் குறைவல்ல, புத்திசாலித்தனம். பாட்டரியும் அப்படியே. பெட்டிக் கடையில் கிடைக்கும் சாதாரண 'டபிள் ஏ' செல்லில் ஓடும் கருவி, அபூர்வ பாட்டரி கேட்கும் கருவியைவிட மேல்.

தானே அளக்கும் வித்தை

வெளிச்சத்தைத் தானே அளந்து கொடுக்கும் 'டி.டி.எல்.' வசதி அவசியமா என்பது அடுத்த கேள்வி. மணவறையில் தம்பதிகள் அமர்ந்த இடம் மாறாது, ஸ்டாண்டும் அசையாது. ஒரு தடவை கையால் அளவை வைத்துவிட்டால் கன்னிகாதானம் முதல் மாங்கல்யதாரணம் வரை ஒரே சீராக இருக்கும். அங்கே டி.டி.எல். உதவியைவிட உபத்திரவமே அதிகம். வெள்ளை வேட்டி குறுக்கே வந்தால் ஒரு அளவு, கறுப்புக் கோட்டு வந்தால் ஒரு அளவு என்று தடுமாறும்.

மாலை மாற்றும் வைபவம் வேறு. மாமன்மார் தோளில் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுகிறார்கள். விளக்கிலிருந்து எட்டு அடியில் இருந்தவர் பதினாறு அடிக்குப் போனால் அவர் மேல் விழும் வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடும். அங்கே டி.டி.எல். கை கொடுக்கும். முக்கொம்பிலோ கொள்ளிடத்து மணலிலோ வெயிலில் தம்பதிகளைப் படம் எடுக்கிறவர்களுக்கு, மிக வேகமான ஷட்டருக்கும் ஈடு கொடுக்கும் வசதி தேவைப்படலாம். அது இல்லாத டிரிக்கரில் 1/200 அல்லது 1/250 வினாடியைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டரின் இரண்டு திரைகளில் முதலாவது முழுதும் விலகுமுன்பே இரண்டாவது மூடத் தொடங்குவதே காரணம். மண்டபத்துக்குள் மட்டும் வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பரணில் இருக்கும் பழைய பிளாஷ்களை டிரிக்கருடன் இணைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆரம்ப கால விவிட்டார் 283 போன்ற சிலவற்றின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் மாட்டினால் புதுக் கருவி புகைந்துவிடலாம்.

இவ்வளவுக்கும் மேலாக ஒன்று உண்டு. எவ்வளவு நல்ல கருவியும் ஒருநாள் கைவிடும் என்று எண்ணியே வாங்க வேண்டும். சில டிரிக்கர்களின் உச்சியில் இன்னொரு பிளாஷைச் செருக இடம் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. கோடாக்ஸ் எக்ஸ்1, எக்ஸ்2 வகைகளில் உண்டு. பெரிய திரையும் வசதிகளும் கொண்ட எக்ஸ்புரோவில் கிடையாது. மேலே ஒரு சிறு பிளாஷ் இருந்தால், மூலை விளக்கு மௌனமாகிவிட்டாலும் படம் இருட்டாகாது. தட்டையாக விழலாம், ஆனால் தாலி தெரியும், கட்டுகிற கை தெரியும், பெண்ணின் முகம் தெரியும்.

ஆகவே, நெரிசலில் பிசகாதது, ஊரில் கைமாற்றாகக் கிடைப்பது, கைவிட்டாலும் மாற்று வழி உள்ளது: இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு, வசதிகளைப் பிறகு பார்ப்பதே முறை. எத்தனை வசதி இருந்தாலும் டிரிக்கர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: "இப்போது!" அதை உரிய வினாடியில் சொல்லத் தெரியாத கருவிக்கு மற்ற வித்தை எத்தனை தெரிந்தும் பயன் என்ன? புரோகிதர் கையை உயர்த்திவிட்டால், நாயனக்காரர் யாருக்காகவும் நிறுத்த மாட்டார்.