பழி மட்டும் 32 பிட்டுக்கு!

2011-ல் தமிழக அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டம் ஏற்காடு மலைப் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கும் சேர்த்துத்தான். முதல்ல வந்த லேப்டாப்ல ரெண்டு ஓஎஸ்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக்கோட பாஸ் லினக்ஸ். சரி, சேலத்துக்கு பஸ் ஏறி இன்னொரு 2 ஜிபி ராம் வாங்கிப் போட்டா? ம்ஹூம்... ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல தொடவே தொடாது. (வால்பேப்பர் மாத்தக்கூட விடாத மகராசன் அது!)

கேட்டா, "32 பிட்னா அப்படித்தான்"ம்பாங்க. 32 பிட் முகவரி 4 ஜிபி வரைக்கும் எட்டும் சாமி! 1995-ல் பென்டியம் ப்ரோவோட வந்த பிஏஇ முறையில 64 ஜிபி வரைக்கும் போகலாம். 4 ஜிபி தாண்டினா சில டிரைவர்கள் குழம்பும், அது நிஜம். அதுக்கு லினக்ஸ் கெர்னல்ல வழி இருக்கு: அவ்ளோ தூரம் எட்டாத டிவைஸுக்கு, எட்டுற இடத்துல ஒரு பஃபர் ஒதுக்கி, டேட்டாவை அங்க காப்பி பண்ணிக் குடுத்துடும். கொஞ்சம் வேகம் குறையும், அவ்ளோதான்.

ஆனா 2 ஜிபிக்கு என்ன சாக்கு? அதே விண்டோஸ் 7, அதே 32 பிட், ஹோம் பேசிக்னு காசு கூடக் குடுத்து வாங்கினா 4 ஜிபி. பி.காம் பசங்களைக் கேளுங்க, விலைப் பாகுபாடுன்னு பேரோட சொல்லுவாங்க. இதைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமா சொல்லித் தர்றதை முதல்ல நிறுத்துங்கப்பா.