இரக்கம் போதாது, ஏற்ற உணவு வேண்டும்!



ஓடியாட வேண்டிய வயதுச் சிறுவன் ஒருவன் படியேறத் தடுமாறுகிறான். தரையிலிருந்து எழுவதற்குத் தன் தொடையிலேயே கையூன்றுகிறான். அவன் கெண்டைக்காலோ பருத்துத் திரண்டிருக்கிறது! "பிள்ளை கொழுகொழுவென்றுதானே இருக்கிறான், இன்னும் நாலு கவளம் ஊட்டினால் தேறிவிடுவான்" என்கிறது ஊர். ஊரின் அன்பு மெய். ஊரின் கணக்கோ பிழை! பருத்தது தசையன்று; தசை அழிந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் குடியேறியிருக்கின்றன.

அதுதான் தசைச்சிதைவு நோய். அதன் கொடிய வகையான டூஷேன், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே தாக்குவது. தசைக்கு அரணாக நிற்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இவர்கள் உடலில் உருவாவதில்லை என்பதை 1987இல் அறிவியல் கண்டறிந்தது. இது மரபணுக் குறை. முன்வினையும் அன்று, தாயின் பிழையும் அன்று. தட்டில் எவ்வளவு புரதத்தைக் குவித்தாலும் அக்குறை நிரம்பாது.

பின், உணவால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பெரும்பயன் உண்டு! நடை தளர்ந்தவனுக்கு உடல் செலவிடும் ஆற்றல் குறைவு. தசை வலிவைக் காக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தோ பசியைத் தூண்டும், எலும்பை மெலிவிக்கும். ஆகவே எடை ஏறுகிறது. ஏறிய எடையைச் சுமப்பவை நலிந்த கால்கள்; தூக்குபவை தாயின் தோள்கள்! கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் இருக்கட்டும். சர்க்கரையும் எண்ணெய்ப் பண்டமும் குறையட்டும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் மருத்துவர் அளவிட்டபடி சேரட்டும்.

ஆண்டுகள் செல்லச் செல்லக் காட்சி மாறுகிறது. மெல்லும் தசை ஓய்கிறது, விழுங்கத் திணறல், எடை கரைகிறது. குழைவான, சத்துச் செறிந்த உணவு வேண்டும். அதுவும் போதாதெனில் வயிற்றில் துளையிட்டுக் குழாய்வழி உணவு. அன்று அளவைக் குறைத்த அதே மருத்துவம் இன்று கூட்டச் சொல்கிறது. இம்மாற்றத்தை அளந்து சொல்ல உணவியல் வல்லுநர் வேண்டும். வசதி படைத்தவன் காசு கொடுத்துக் கேட்பான். கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்வது? அவன் வாசலுக்கு வருபவன், 'தசை வளர்க்கும் மாவு' விற்பவனே!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இந்நோயை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. ஏட்டில் ஏறிய உரிமை இலைக்கு இறங்க வேண்டாமா? அரசு மருத்துவமனைகளில் ஆறு மாதத்திற்கொரு முறை இவர்களின் எடையையும் விழுங்கும் திறனையும் அளந்து, உணவு வகுத்துத் தருக என்று கேட்போம்.

கேட்பதோடு நில்லாதீர்கள். வீட்டோடு முடங்கிய பிள்ளை உங்கள் வட்டத்தில் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தேடுங்கள். தின்பண்டப் பொட்டலத்தோடு போகாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டியோடு போங்கள்!