கணிப்பொறி நின்றால் கைகட்டி நிற்பதா?

(பத்தாம் வகுப்பு மாணவி)



மிக்சி ஓடாவிட்டால் நம் அன்னையர் அதை உடனே கடைக்குத் தூக்கிச் செல்வதில்லை. பிளக் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துகிறார்கள். மறுபடியும் போட்டுப் பார்க்கிறார்கள். சைக்கிள் செயின் கழன்றால், கை கறுத்தாலும் பரவாயில்லை என்று நாமே மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து சேருகிறோம். ஆனால், மேசைமேல் இருக்கும் கணிப்பொறி நின்றுவிட்டால் மட்டும், "தொடாதே, ஆள் வரட்டும்!" என்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் அந்த அதட்டல் இரு மடங்காகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

கணிப்பொறி ஒரு மந்திரப் பெட்டி அன்று. அதன் கேபினெட்டைத் திறந்தால் நாம் காண்பவை சிலவே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, எல்லா உறுப்புகளையும் இணைக்கும் மதர்போர்டு ஒன்று, அதில் செருகப்பட்ட ராம், நம் கோப்புகளைக் காக்கும் ஹார்டு டிஸ்க், சூட்டைத் தணிக்கும் மின்விசிறி. செருகியது தளரும், சுழல்வது தேயும், சூடாவது தூசி படிந்தால் மேலும் சூடாகும். நாம் அடிக்கடி காணும் பழுதுகள் பல இந்த மூன்றில் அடங்கிவிடும்.

நம் தருமபுரி மாவட்டத்தின் செம்மண் தூசியையும் கோடை வெயிலையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாது. ஓர் அளவைத் தாண்டியதும், தன்னைக் காத்துக்கொள்ளக் கணிப்பொறி தானாகவே நின்றுவிடும். "அரை மணி நேரம் ஓடுகிறது, பிறகு அணைந்துவிடுகிறது" என்று குறைபடும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இத்தூசியையே. அதற்கு மருந்து ஒரு மெல்லிய பிரஷ்!

பழுது பார்ப்பதில் இரண்டு விதிகள் உண்டு. வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும் என்பது முதல் விதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. கணிப்பொறி அறவே உயிர்பெறவில்லையா? சுவர் சுவிட்ச், யு.பி.எஸ்., பின்புறம் செருகிய மின்கம்பி, எஸ்.எம்.பி.எஸ். அருகிலுள்ள சிறு சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறது, ஆனால் திரை இருண்டிருக்கிறதா? மானிட்டரின் கேபிளைக் கழற்றி மறுபடியும் செருக வேண்டும். அப்போதும் இருட்டென்றால், அல்லது 'பீப்' ஒலி விட்டுவிட்டுக் கேட்டால், ராம் தளர்ந்திருக்கலாம். அதைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்து, துகள்களை அகற்றி, இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினால் பல சமயம் திரை ஒளிரும்.

தினமும் காலையில் தேதி தவறாகக் காட்டினால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். மவுஸ் நகராவிட்டால், நன்றாக இயங்கும் வேறொரு மவுஸை அதே இடத்தில் செருகிப் பார்த்தால் குற்றவாளி மவுஸா, கணிப்பொறியா என்பது தெரிந்துவிடும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று புதிய ஒலி வந்தால் மட்டும் தாமதம் கூடாது. வேறு வேலையை நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும். டிஸ்க் போனால் வேறு வாங்கலாம். அதிலிருந்த செய்முறைக் குறிப்புகளையும் குடும்பப் புகைப்படங்களையும் எங்கே வாங்குவது?

"மின்சாரம் விளையாட்டா? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அதனால்தான் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்கிறேன். கேபினெட்டைத் திறக்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஈரக் கை கூடாது. உள்ளே கை வைக்குமுன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நாம் உணராத அளவில் இருந்தாலும் சில்லுகளைக் கெடுத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காலத்திலும் திறக்கலாகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும். கருகிய வாடை வந்தாலோ, மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தாலோ, உத்தரவாதக் காலம் முடியாதிருந்தாலோ மெக்கானிக்கையே அழைக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அறிவதும் கல்விதானே? "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எதையெதைப் பார்த்தோம் என்று சொன்னால், மருத்துவரிடம் நோயின் குறியைச் சொன்னதுபோல் அவருக்கும் வேலை எளிதாகும்.

"இது ஆண்களின் வேலை" என்போருக்கு வரலாறு பதில் சொல்லும். 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்கு அறிமுகமான 'எனியாக்' என்னும் மாபெரும் மின்னணுக் கணிப்பொறிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் செல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. வரைபடங்களைக் கொண்டே அதன் அமைப்பைக் கற்றார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களில் எது பழுது என்று தேடிக் கண்டுபிடிக்கும் திறமையும் பெற்றார்கள். 1965-இல் அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் சிலருள் ஒருவர் கத்தோலிக்கக் கன்னியர் சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்பது நம் போன்ற பள்ளிகளுக்குப் பெருமையன்றோ!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை நடத்தும் அக்கா ஒருவர், மேசை இழுப்பறையில் ஒரு பிரஷும் அழிப்பானும் திருப்புளியும் வைத்திருக்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று கணிப்பொறி நின்றால் அவருக்கு அன்றைய வருமானம் போகும். வாசலில் நிற்பவருக்கோ வேலை வாய்ப்பே போகும். இந்தச் சிறு திறமைதான் இருவரையும் காப்பாற்றுகிறது.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. அங்கே பிள்ளைகளுக்கு வன்பொருள் பயிற்சியும் உண்டு. நாமும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாதம் ஒரு பாடவேளையும், கழற்றிப் பூட்டிப் பழக ஒரு பழைய கணிப்பொறியும், அருகில் ஓர் ஆசிரியையும் போதும். கூடவே ஒரு பழுதுக் குறிப்பேடும் வேண்டும். 1947-இல் ஹார்வர்டு மார்க்-2 கணிப்பொறியில் சிக்கிய ஓர் அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. என்ன பழுது, எப்படித் தீர்ந்தது என்று நாமும் எழுதி வைத்தால் அடுத்த வகுப்புத் தங்கைகளுக்கு அதுவே பாடநூலாகும்.

மதிப்பிற்குரிய சகோதரிகளே, ஆசிரியைகளே, பெற்றோரே! திருப்புளியைத் தொட்டால் பெண் பிள்ளை கெட்டுப்போவதில்லை. ஒரு சிறு பழுதுக்காக நல்ல கணிப்பொறி மூலையில் கிடப்பதும், கற்க வேண்டிய பிள்ளைகள் வாரக் கணக்கில் கைகட்டி நிற்பதுமே உண்மையான இழப்பு. தோழியரே, அடுத்த முறை திரை இருண்டால் பதறாதீர்கள். முதலில் பிளக்கைப் பாருங்கள்!