பெயர் மாறியது, கூலி எங்கே?

ஹவுரா நிலையத்தில் சிவப்புச் சட்டை அணிந்து, தலையில் பெட்டி சுமந்து ஓடுகிறானே தொழிலாளி, அவனை இனி 'கூலி' என்று அழைக்கலாகாது, 'சஹாயக்' என்றே அழைக்க வேண்டும் என்று 2016 ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சுரேஷ் பிரபு அறிவித்தார். இழிசொல் ஒழிந்தது என்று கைதட்டியவர்கள் உண்டு. நாம் கைதட்டவில்லை. காரணத்தைக் கேளுங்கள்.

கூலி என்பது நம் சொல். உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கும் ஊதியம் என்பதே அதன் பொருள். முயற்சியின் பெருமை பேசும் இடத்திலேயே வள்ளுவர் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். இதில் இழிவு எங்கே வந்தது?

ஆங்கிலத்துக்கு இச்சொல் குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து போயிற்று என்பர் ஒரு சாரார். தமிழிலிருந்தே போயிற்று என்பர் மறு சாரார். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் ஆராய்கிறது. அந்த வழக்கைப் புலவர்கள் தீர்க்கட்டும். நம் வழக்கு வேறு. நம்மிடம் ஊதியத்தைக் குறித்த சொல், வெள்ளையன் வாயில் ஆளைக் குறிக்கும் சொல்லாயிற்று!

இதற்குக் கல்கத்தாத் துறைமுகமே சாட்சி. 1834-இல் 'அட்லஸ்' கப்பல் 36 பேரை ஏற்றிக்கொண்டு மொரிஷியசுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். 1838-இல் பிரிட்டிஷ் கயானா, 1845-இல் டிரினிடாட், 1873-இல் சுரினாம், 1879-இல் பிஜி என்று கப்பல்கள் தொடர்ந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தம்; மீறினால் சிறை. மொரிஷியசில் ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாள் கூலி வெட்டு! கூலியைப் பிடுங்கிக்கொண்டு, ஆளுக்குக் 'கூலி' என்று பெயர் வைத்தார்கள்.

கல்கத்தாவில் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசத்து ஏழை மக்கள்; தமிழே அறியாதவர்கள். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குப் போன நம்மவருக்கும் அதே பெயர்தான். அங்கே வழக்காடப் போன காந்தியும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். அவர் எந்த மூட்டையைத் தூக்கினார்? தொழிலைக் குறித்தா அப்படி அழைத்தார்கள்? தோலைக் குறித்தல்லவா அழைத்தார்கள்!

அந்த மக்களோ தங்களைக் 'கிர்மிட்டியா' என்று சொல்லிக்கொண்டார்கள். 'அக்ரிமெண்ட்' என்பது மருவி வந்த சொல் அது. வாக்களித்த கூலி எங்கே என்று கேட்கும் உரிமை அந்தப் பெயருக்குள் இருந்தது.

'சஹாயக்' என்பதற்குள் என்ன இருக்கிறது? உதவியாளர் என்று பொருள். உதவி செய்தவனுக்கு நன்றி சொன்னால் போதுமே, கூலி எதற்கு? உரிமம் பெற்ற சுமை தூக்குவோர் ரயில்வே ஊழியர் அல்லர். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணி கொடுக்கும் காசே வருமானம். சக்கரம் வைத்த பெட்டிகள் வந்தபின் அதுவும் தேய்ந்தது. 2008-இல் லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது பலரைத் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையான மாற்றம் அதுவே. எஞ்சியவர்களுக்குக் கிடைத்தது புதுப்பெயர் மட்டும்!

நம்மவர்க்கும் ஒன்று சொல்லுவோம். 'கூலிக்காரப் பயல்' என்ற வசவு நம் வீடுகளில் இன்னும் ஒலிக்கிறது. பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த நம்மில் கூலி வாங்காதவர் யார்? மாதம் முடிந்து வாங்கினால் சம்பளம், மாலையில் வாங்கினால் கூலி; அவ்வளவுதானே வேற்றுமை!

ஆளைக் கூலி என்று அழையாதீர். அவன் கூலி கேட்கும்போது பேரம் பேசாதீர். சுமை தூக்கும் தொழிலாளிக்கு நிலையான வேலையும் முதுமைக்கு ஓய்வூதியமும் கொடுங்கள் என்று அரசைக் கேட்கிறோம். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.