உழைச்செல்வான்

நோயாளி, வைத்தியர், மருந்து என்னும் மூன்றும் இருந்தால் மருத்துவம் நிறைவுறாது. நோயாளியின் பக்கத்தில் நின்று ஆவன செய்வோனும் வேண்டும் என்று கண்டவர் வள்ளுவர். அவனை உழைச்செல்வான் என்று அவர் குறித்தார். முன்னைய மூன்றும் வளர்ந்த அளவுக்கு இந்நான்காம் கூறு வளர்ந்துள்ளதா? விஞ்ஞானத்தில் முன்னணியில் நிற்கும் அமெரிக்காவிலேயே இவ்வினா எழுந்தமை சிந்திக்கத்தக்கது.

நியூயோர்க் நகரின் ஹார்லம், கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த வறிய பகுதியாக இருந்தது. அங்குள்ள வைத்தியசாலைக்கு 1967 ஆம் ஆண்டிற் சத்திர வைத்தியராக வந்த டொக்டர் ஹரல்ட் ஃபிறீமன், கத்தி மாத்திரம் புற்றுநோயை வெல்லாது என்பதை விரைவில் உணர்ந்தார். 1964 முதல் 1986 வரை அங்கு மார்பகப் புற்றுநோயுடன் வந்த 606 பேரில் ஏறத்தாழச் சரிபாதியினருக்கு நோய் முற்றியிருந்தது. ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 39 பேரே. அவர்களைக் கொன்றது நோய் மட்டுமன்று. காலதாமதமும் அவர்களைக் கொன்றது. அத்தாமதத்தை விளைத்தது வறுமை.

1979 ஆம் ஆண்டில் அவர் இலவசப் பரிசோதனை நிலையம் அமைத்தார். ஆனால், பரிசோதனையிற் கட்டி தென்பட்ட பின்னர் யாது செய்வது? காப்புறுதிப் பத்திரம் நிரப்பவேண்டும். வேலைத்தலத்தில் விடுப்புப் பெறவேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக அச்சத்தை வெல்லவேண்டும். இவற்றுள் ஒன்று தடுத்தாலும் அப்பெண் மறுமுறை வரமாட்டாள். எனவே, 1990 ஆம் ஆண்டில் நோயாளருக்கு வழிகாட்டும் பணியாளரை அவர் நியமித்தார். இவர்கள் வைத்தியருமல்லர், தாதியருமல்லர். அம்மக்களின் மொழியையும் மனத்தையும் அறிந்தவர்கள். சந்தேகம் எழுந்த நாள்முதல் சிகிச்சை முடியும் நாள்வரை நோயாளியைக் கைவிடாதிருப்பதே இவர்தம் கடமை.

1995 முதல் 2000 வரை அங்கு வந்த 325 பேரில் நோய் முற்றிய நிலையில் வந்தோர் நூற்றுக்கு 21 ஆகக் குறைந்தனர். ஐந்தாண்டு வாழ்ந்தோர் 70 ஆக உயர்ந்தனர். இவ்வுயர்வு முழுவதையும் வழிகாட்டிகளின் கணக்கில் எழுதுதல் தகாது. இலவசப் பரிசோதனைக்கும் சிகிச்சை முறைகளின் வளர்ச்சிக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும், கண்டுபிடித்த மருந்துக்கும் அது வேண்டியவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பிக்க மனிதர் வேண்டும் என்பது இதனால் விளங்குகின்றது.

இத்தகைய பணிக்குப் பாராட்டுக் கிடைப்பது எளிது. ஊதியம் கிடைப்பது அரிது. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்கா இதற்கெனச் சட்டம் இயற்றியது. எனினும், பெரும்பாலும் நன்கொடையையும் மானியத்தையும் நம்பியே இப்பணி நடந்தது. மானியம் நின்றால் பணியாளரும் நிற்பார். நோயாளி மீண்டும் தனித்து விடப்படுவார். முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதி இவ்வழிகாட்டலுக்குத் தனிக் கட்டணம் வழங்கத் தொடங்கியது 2024 ஆம் ஆண்டிலேதான். ஹார்லத்திற் பணி தொடங்கி முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்ற பின்னர்!

தொண்டு என்று புகழ்ந்து ஊதியத்தை மறுப்பது, தொண்டையே மெலிவிப்பதாகும். கல்வியின் பயன் பட்டமும் பதவியுமே என்று எண்ணும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம்: அஞ்சி நிற்கும் ஒருவருக்கு வைத்தியரின் சொல்லை விளங்கவைத்து, உரிய நாளில் உரிய வாயிலுக்கு அவரை அழைத்துச் செல்வதும் கற்றவர் தொழிலே. அதனைத் தொழிலாக மதித்து நிலையான ஊதியமளிப்பது அரசின் கடன்.